கேட் பொய் சொல்லாது

ஆரணி
ஜூன் 11, 2023

தம்பி அன்பழகனுக்கு அக்கா சூர்யகலா எழுதறது. இங்க நானும் மாமாவும் நல்லா இருக்கோம். ஷார்ஜாவுல வெயிலு ரொம்ப அடிக்குதாமே, டிவில சொன்னாங்க. போட்டோல உன் மூஞ்சி வத்திப் போயிருக்குது. வேளைக்குச் சாப்பிடறியா?

நேத்து நீ போன்ல பேசினது பாதிகூட எனக்கு விழல. பவர்லூம் ஷெட்டுச் சத்தத்துலயே போன காது, இனிமே எங்க திரும்பப் போவுது. "ஆங், ஆங்"னு சொல்லிட்டு வச்சிட்டேன். நீ இனிமே மெயில்லயே எழுது. நான் நிதானமாப் படிச்சிக்குவேன்.

ஒரு விஷயம். எங்க முதலாளி பரசுராமன் கடையில பட்டுப் புடவை காணாமப் போவுது. ஸ்டாக் எடுக்கும்போதெல்லாம் கொறையுது. யாரு எடுக்கறாங்கன்னு தெரியல. மடிக்கிறவங்க, பேக்கிங் செய்றவங்க, எல்லாரையும் ஒரு மாதிரி பாத்துகினு இருக்காரு. சென்னையில ஒரு பெரிய ஜவுளிக் கடையில புடவைக்கு ஏதோ சீட்டு ஒட்டி, வாசல்ல கேட் வச்சிருக்காங்களாம். அத இங்கயும் வைக்கணும்னு சொன்னாரு. "என் தம்பி அந்த வேலைதாங்க செய்றான்"னு சொன்னேன். முதலாளி நிமிந்து பாத்தாரு. இத்தினி வருஷத்துல எனக்கு ஒரு சேர் போட்டு உக்காரச் சொன்னது நேத்துதான்.

உங்க கம்பெனில கேட்டுச் சொல்லு. மாமா உன்ன விசாரிச்சாரு. உடம்பப் பாத்துக்கோ.

உன் அக்கா
சூர்யகலா


ஷார்ஜா
ஜூன் 14, 2023

அன்புள்ள அக்காவுக்கு,

அன்பழகன் எழுதுகிறேன். நான் நலம். மாமாவுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? ஷேர் ஆட்டோவை விடிய விடிய ஓட்ட வேண்டாம் என்று சொல்.

உன் கடிதத்தை என் மேனேஜரிடம் காட்டினேன். சென்னை ஆபீசிலிருந்து ஆள் வருவார்கள். அதற்குப் பெயர் ஆர்.எஃப்.ஐ.டி. அட்டைச் சீட்டுக்குள் நகத்தளவு சில்லும், அதைச் சுற்றி மெல்லிய கம்பியும் இருக்கும். கேட்டிலிருந்து ரேடியோ அலை வரும். அலை பட்டதும் சில்லு தன் நம்பரைச் சொல்லிவிடும். பையில் இருந்தாலும், மடிப்புக்குள் இருந்தாலும் சொல்லும்.

இங்கே நான் மாட்டுவதெல்லாம் ஹோட்டல் துணி வெளுக்கும் ஆலைகளில்தான். படுக்கை விரிப்பு, துண்டு, சமையல்காரன் சட்டை, எல்லாவற்றிலும் சில்லு தைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் "நான் கொடுத்தது இத்தனை, நீ தந்தது இத்தனை" என்று தினமும் சண்டை. இப்போது சண்டை இல்லை. வேலையாட்கள் சட்டையிலும் அதே சில்லுதான். ஒரு ஆலை மேனேஜர் சொல்வார்: "எத்தனை ஆள் வந்தான் என்று என்னைக் கேட்காதே. எத்தனை சட்டை வந்தது என்று கேள்." இந்த ஊர்க் கம்பெனிகளுக்குத் துணியும் ஆளும் ஒரே கணக்கு. எனக்கு முதலில் ஒரு மாதிரி இருந்தது. இப்போது பழகிவிட்டது.

உனக்குச் சேர் போட்டார் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது அக்கா. நீ ஷெட்டில் நின்று என்னைப் படிக்க வைத்ததற்கு இதாவது நடக்கட்டும்.

அன்புடன் தம்பி
அன்பழகன்


ஆரணி
செப்டம்பர் 24, 2023

தம்பிக்கு,

நலம். நீ ஜெர்மனிக்குப் போய்ச் சேந்தியா? அங்க குளிராமே, ஸ்வெட்டர் வாங்கினியா?

கேட் வந்திடுச்சு. பூசணிக்கா உடைச்சு, எலுமிச்சம்பழம் கட்டி, முதலாளி அம்மா தெய்வநாயகி கற்பூரம் காட்டினாங்க. பச்சை விளக்கு எரிஞ்சா போவலாம், செவப்பு எரிஞ்சா நிக்கணும். செவப்புல மணியும் அடிக்கும்னு கீதா சொன்னா. எனக்கு எங்க கேக்குது. கீதா தெரியுமில்ல, என் பக்கத்துல உக்காந்து மடிக்கிற பொண்ணு.

புடவைக்கு மட்டுமில்ல, எங்க கழுத்துல மாட்டற கார்டுலயும் அந்தச் சில்ல வச்சிட்டாங்க. யாரு எப்ப உள்ள வந்தா, எப்ப பாத்ரூம் போனா, எல்லாம் முதலாளி ரூம்ல டிவில தெரியுது. பொம்பளைங்க ரெண்டு நாளு முணுமுணுத்தாங்க. அப்புறம் அடங்கிட்டாங்க.

ஆனா முதலாளி பேஜார் பண்றாரு. ஜரிகை ஜாஸ்தி இருக்கற புடவைங்கள கேட் புடிக்கவே மாட்டேங்குதாம். "உன் தம்பி கம்பெனி ஏமாத்திட்டான்"னு எல்லார் எதிர்லயும் சொல்றாரு. எனக்குத் தலை குனிவா இருக்குது. ஜல்தியா ஏதாவது செய். தீபாவளி சரக்கு வேற வந்து குமிஞ்சிகினு இருக்குது. இடம் பத்தாம ஒரு அலமாரியத் தள்ளிகினு வந்து கேட் ஓரமாவே போட்டிருக்கோம்.

உடம்பு ஜாக்கிரதை.

அக்கா


ஹாம்பர்க்
செப்டம்பர் 28, 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். ஸ்வெட்டர் வாங்கிவிட்டேன். நீ தலை குனிய வேண்டாம். நேற்று இங்கே உட்கார்ந்தபடியே இன்டர்நெட் வழியாக உங்கள் கேட்டைச் சரி செய்துவிட்டேன். ஜரிகை உலோகம் இல்லையா, அலையைத் திருப்பி அடிக்கிறது. அதனால் கேட்டின் பவரை முழுக்கக் கூட்டி வைத்தேன். இனி எந்த ஜரிகையும் தப்பாது. பரசுராமனுக்கும் போன் செய்து சொன்னேன். "உங்க அக்கா சொன்னது சரிதான், கெட்டிக்காரன்தாம்பா நீ" என்றார்.

இந்த ஊர் வேடிக்கையைக் கேள். இங்கே ஒரு துணிக்கடைக்கு மாட்டுகிறோம். வேலையை ஆரம்பிப்பதற்கு முன்பே கடைத் தொழிலாளர்களின் கமிட்டி எங்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்டது. "ஒரு பெண் ஓய்வறைக்குப் போனால் இது பதிவு செய்யுமா?" "செய்யலாம்" என்றேன். "அப்படியானால் ஆட்கள் மேல் வேண்டாம், துணிமேல் மட்டும்" என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். முதலாளியும் தலையாட்டினார். வாங்குகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. "நான் காசு கொடுத்த பிறகு இந்தச் சில்லு எதற்கு? இங்கேயே சாகடி" என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள்.

முந்தாநாள் ஒரு கிழவி வெளியே போகும்போது மணி அடித்தது. கடைப் பெண் ஓடிப்போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டாள்! "மெஷின் தப்பாக இருக்கலாம், தயவுசெய்து இன்னொரு தடவை கடந்து பாருங்கள்" என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. இப்படிப் பயந்துகொண்டிருந்தால் எவன் திருட மாட்டான்? இந்த விஷயத்தில் நம் ஆட்கள் தேவலாம் அக்கா. வைத்தால் வைத்ததுதான்.

தீபாவளிக்கு மாமாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுது.

தம்பி


ஆரணி
நவம்பர் 20, 2023

தம்பிக்கு,

நலம். தீபாவளி முடிஞ்சுது. நாலு நாளா காய்ச்சல், அதான் எழுதல. வேலைக்கும் போவல.

ஒண்ணு கேக்கணும். அந்த கேட் எப்பவாச்சும் தப்பாக் காட்டுமா? ஒருத்தர்கிட்ட புடவை இல்லாமலே இருக்குதுன்னு காட்டுமா? கீதா கேக்கச் சொன்னா.

நீ குளிர்ல வெளிய சுத்தாதே.

அக்கா


ஒசாகா
டிசம்பர் 2, 2023

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் விட்டதா? மாமா உன்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாரா?

பத்து நாளாக ஜப்பானில் இருக்கிறேன். ஜெர்மனியில் சில்லைச் சந்தேகப்பட்டார்கள் என்றால், இங்கே கூட வேலை செய்கிற ஆள் மாதிரி நடத்துகிறார்கள். ஊரில் வயசானவர்கள்தான் அதிகம். கல்லாவில் உட்கார ஆள் கிடைப்பதில்லை. துணி எடுத்த கூடையை அப்படியே ஒரு தொட்டியில் வைத்தால் பில் வந்துவிடுகிறது. யாரும் யாருடனும் பேச வேண்டாம். கடைக்காரருக்கு ஒரே கவலைதான். சீட்டு விலை இன்னும் குறையாதா என்று. திருட்டைப் பற்றி என்னிடம் ஒருத்தரும் கேட்கவில்லை.

கீதா கேட்டதற்குப் பதில்: காட்டாது. மனுஷன் பொய் சொல்லுவான், கேட் பொய் சொல்லாது. கார்டும் புடவையும் ஒரே நேரத்தில் பதிவாகியிருந்தால் அந்தப் புடவை அந்த ஆளிடம்தான் இருந்தது. கீதாவுக்குத் தெரிந்தவர்கள் யாராவது மாட்டிக்கொண்டார்களா? அப்படியென்றால் ஒத்துக்கொண்டு போவதுதான் நல்லது என்று சொல். வழக்கு கிழக்கு என்று இழுத்தால் இன்னும் கேவலம்.

நீ ஏன் இவ்வளவு சுருக்கமாக எழுதுகிறாய்? முதலாளி இப்போது உன்னிடம் எப்படி இருக்கிறார்? விவரமாக எழுது.

தம்பி


ஆரணி
ஜனவரி 7, 2024

அன்பழகன் அண்ணாவுக்கு வணக்கம்.

நான் கீதா, சூர்யகலா அக்காகூட வேலை செஞ்சவ. அவங்க போன்லேந்து உங்க மெயில் அட்ரஸ அவங்களுக்குத் தெரியாம எடுத்தேன், மன்னிச்சிக்குங்க. நீங்க நல்லா இருப்பீங்கன்னு நம்பறேன்.

கேட்டப் பத்தி நான் எதுவும் கேக்கச் சொல்லலீங்க அண்ணா. அக்கா அவங்களுக்காகத்தான் கேட்டாங்க.

தீபாவளிக்கு முன்ன ஒரு சாயங்காலம், வேலை முடிஞ்சு எல்லாரும் கிளம்பறோம். அக்கா கடக்கும்போது செவப்பு எரிஞ்சு மணி அடிச்சுது. எங்களுக்கும் அப்பப்ப அடிச்சிருக்குது. மணி கேட்டதும் நின்னு, திரும்ப உள்ள வந்து, மறுபடி கடப்போம். பச்சை வந்திடும், போய்டுவோம். அக்காவுக்குத்தான் கேக்கலையே. அவங்க பாட்டுக்கு நடந்து தெருவுக்குப் போய்ட்டாங்க. "ஓடறா பாரு, புடி"ன்னு வாட்ச்மேன் சம்பந்தம் கத்திகினே ஓடி, கையப் புடிச்சு இழுத்துகினு வந்தாரு.

டிவில அக்கா கார்டு நம்பரும் ஒரு கல்யாணப் புடவை நம்பரும் சேந்து இருந்துச்சு. பைய கொட்டிப் பாத்தாங்க. சாப்பாட்டு டப்பாவத் திறந்து பாத்தாங்க. ஒண்ணும் இல்ல. அப்புறம் முதலாளி அம்மா ரூமுக்குள்ள கூப்பிட்டுகினு போனாங்க. அக்காவோட புடவையக் கழட்டச் சொல்லிப் பாத்தாங்க அண்ணா. கதவு பாதி திறந்துதான் இருந்துச்சு. நாங்க எல்லாரும் வெளிய நின்னுகினு இருந்தோம். நானும் நின்னேன்.

அலமாரியில தேடினாங்க, அந்தப் புடவை கிடைக்கல. "தெருவுல எவன் கையிலயோ குடுத்திட்டா"ன்னு முதலாளி முடிவு பண்ணிட்டாரு. "போலீசுக்குப் போவாம விடறேன்னா உன் தம்பி மூஞ்சிக்காகத்தான்"னு சொல்லி கார்டப் புடுங்கிகினு அனுப்பிட்டாரு. அதுலேந்து ஆரணில எந்தக் கடையிலயும் அக்காவ உள்ள விடல. எல்லா முதலாளிங்களும் பேசி வச்சிருக்காங்க. அக்கா வீட்ட விட்டு வெளிய வர்றதில்ல. நீங்க ஏதாவது செய்யுங்க அண்ணா.

கீதா


ஒசாகா
ஜனவரி 8, 2024

அக்கா,

உடம்பு எப்படி இருக்கிறது? கீதா எல்லாம் எழுதினாள். என்னிடம் ஏன் மறைத்தாய்?

உடனே பரசுராமனுக்குப் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார். திரையைப் படம் எடுத்து அனுப்பினார். உன் கார்டும் புடவையும் ஒரே நேரத்தில் பதிவாகியிருக்கின்றன.

அக்கா, நான் கோபப்பட மாட்டேன். என்னிடம் மட்டும் உண்மையைச் சொல். எடுத்தாயா? மாமாவுக்கு ஏதாவது கஷ்டமா? யாராவது உன்னை எடுக்கச் சொன்னார்களா? எதுவாக இருந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். புடவை எங்கே இருக்கிறது என்று சொன்னால் நானே பேசிச் சரி செய்துவிடுவேன். நீ எனக்காக எவ்வளவு செய்திருக்கிறாய், நான் உன்னை விட்டுவிடுவேனா?

உடனே பதில் எழுது.

அன்பு


ஷார்ஜா
மார்ச் 17, 2024

அக்கா,

நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? ஜனவரியிலிருந்து ஒரு வரிகூட எழுதவில்லை. மாமாவும் போனை எடுப்பதில்லை. இதையாவது படி.

போன வாரம் இங்கே ஒரு சலவை ஆலையில் கேட் தப்புத் தப்பாகக் காட்டுகிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். பவர் அதிகமாக இருந்தது. ஆள் கடக்கும்போது கேட் விழிக்கிறது. விழித்ததும், தடுப்புப் பலகைக்குப் பின்னால் வண்டியில் கிடந்த துணியையும் சேர்த்துப் படித்துவிடுகிறது. பவரைக் குறைத்துவிட்டு உன் பழைய மெயிலைத் தேடி எடுத்தேன். கேட் ஓரமாக அலமாரி போட்டிருக்கிறோம் என்று நீ எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டுத்தான் நான் பவரை முழுக்கக் கூட்டினேன் அக்கா. அலமாரியைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

பரசுராமனுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். "அந்தப் புடவை கிடைச்சிடுச்சுப்பா" என்றார். பொங்கலுக்கு வெள்ளையடிக்க அலமாரியை நகர்த்தினார்களாம். அதன் பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்ததாம்.

"ரெண்டு மாசம் ஆச்சுங்களே, ஏன் எங்க அக்காகிட்ட சொல்லல?"

"சொல்லி? இப்ப கடையில ஒரு புடவைகூடக் காணாமப் போறதில்ல. மெஷின் தப்புன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் பயப்படுவான்? நீதானேப்பா, இனிமே ஒண்ணும் தப்பாதுன்னு சொன்னே?"

என் மேனேஜரிடமும் சொன்னேன். "எழுத்தில் எதையும் ஒத்துக்கொள்ளாதே" என்றார். ஜெர்மனிக்கு நாங்கள் கொடுக்கும் கையேட்டில், மணி அடிப்பது திருட்டுக்குச் சாட்சி ஆகாது, மன்னிப்புக் கேட்டு மறுபடி கடக்கச் சொல்லுங்கள் என்று ஒரு பக்கம் இருக்கிறது. ஆரணிக்குக் கொடுத்ததில் அந்தப் பக்கம் இல்லை. ஏன் என்று கேட்டேன். "அங்கே கேட்டார்கள், சேர்த்தோம். ஆரணியில் யாரும் கேட்கவில்லை" என்றார்.

தப்பு கேட்டின் மேல்தான் என்று நான் எழுத்திலேயே பரசுராமனுக்கு அனுப்பிவிட்டேன். அதனால் வேலை போகும் போலிருக்கிறது. போகட்டும். சித்திரையில் ஊருக்கு வருகிறேன். என்னை மன்னித்துவிடு அக்கா.

அன்பு


ஆரணி
ஏப்ரல் 5, 2024

அன்பழகனுக்கு,

நாங்க இருக்கோம். மாமாவுக்கு முதுகுவலி அப்படியேதான். நான் செய்யாறு பக்கம் ஷூ கம்பெனிக்குப் போறேன். விடியறதுக்கு முன்ன வேன் வருது. அங்கயும் கழுத்துல கார்டு குடுத்தாங்க. வாங்கி மாட்டிகினேன்.

நீ எழுதினதெல்லாம் படிச்சேன். புடவை கிடைச்சது கீதா சொல்லி எனக்கு அப்பவே தெரியும். உன் மெயில் போனதுக்கப்புறம் முதலாளி ஆள் அனுப்பினாரு, வேலைக்கு வரச் சொல்லி. நான் நேர்ல போனேன். "எல்லாரையும் கூப்பிட்டு, நான் எடுக்கலன்னு சொல்லுங்க, வர்றேன்"னேன். "அதெல்லாம் எதுக்கும்மா, முடிஞ்சு போன விஷயம்"னாரு. வந்திட்டேன்.

உன்கிட்ட முதல்லயே ஏன் சொல்லலன்னு கேட்டே. நீ அந்த கேட்டப் பத்தி அவ்ளோ சந்தோஷமா எழுதிகினு இருந்தே. உன் பேரு கெட்டுடும்னு பயந்தேன். தப்பாக் காட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டேன். ஒத்துக்கிட்டுப் போவச் சொன்னே. சரி, யாருக்கோ சொல்றான்னு நெனச்சிகினேன். அப்புறம் விஷயம் தெரிஞ்சும் எடுத்தியான்னு கேட்டே.

வாட்ச்மேன் கேட்டான். முதலாளி கேட்டாரு. துணியக் கழட்டச் சொன்ன அந்தம்மா கேட்டாங்க. அவங்களுக்கு நான் யாரு? உன் மாமா இன்னி வரைக்கும் கேக்கல. அன்னிக்கு நான் வீட்டுக்கு வந்ததும், சுடுதண்ணி வச்சுக் குடுத்து, குளின்னு மட்டும் சொன்னாரு.

சித்திரையில வர்றேன்னு எழுதியிருக்கே. வா. நேரா பரசுராமன் கடைக்குப் போ. எல்லாரும் வேலையில இருக்கற நேரமாப் பாத்துப் போ. நீ இன்னா செஞ்சே, கேட் இன்னா செஞ்சுதுன்னு அவங்க எதிர்ல சொல்லு. அப்புறம் வீட்டுக்கு வா. அது முடியாதுன்னா தேவிகாபுரத்துல சித்தப்பா வீட்டுல தங்கிக்கோ. இங்க வராதே.

சூர்யகலா


தேவிகாபுரம்
மே 2, 2024

அக்கா,

நேற்று விடியற்காலை சென்னையில் இறங்கினேன். நினைத்தபடியே வேலை போய்விட்டது. பஸ் பிடித்து நேராகக் கடைக்குத்தான் போனேன்.

சம்பந்தம் என்னை உள்ளே விடவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடியே சத்தமாகச் சொன்னேன். நான்தான் பவரைக் கூட்டினேன், கேட் அலமாரிக்குப் பின்னால் இருந்த புடவையைப் படித்தது, என் அக்கா எடுக்கவில்லை, அந்தப் புடவை இதே கடையில்தான் கிடந்தது என்று. மடித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பரசுராமன் வெளியே வந்தார். கோபமே படவில்லை. சிரித்துக்கொண்டு அவர்களிடம் சொன்னார்: "கூடப் பொறந்த அக்கா. தம்பி வேற இன்னா சொல்லுவான்? வேலையப் பாருங்க."

எல்லாரும் குனிந்துகொண்டார்கள். கீதா மட்டும் எழுந்து நின்றாள். "அவரு சொல்றது நிஜம், பொங்கலுக்கு அலமாரிய நகத்தினப்ப, பின்னாலேந்து அந்தப் புடவைய எடுத்துக் குடுத்ததே நான்தான்" என்றாள். பரசுராமன் அவள் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். அவள் கழுத்திலிருந்து கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு என்னோடு வெளியே வந்தாள். அவளை வீட்டில் விட்டுவிட்டு, உன் தெரு வரைக்கும் வந்தேன். உள்ளே வரக் கால் வரவில்லை. திரும்பி இங்கே வந்துவிட்டேன்.

நான் சொன்னதை அங்கே யாரும் நம்பவில்லை அக்கா. கீதாவுக்கும் வேலை போய்விட்டது. நான் எதற்கு வந்தேன் என்றே தெரியவில்லை.

அன்பு


ஆரணி
மே 2, 2024

அன்பு,

கீதா காலையில வந்து எல்லாம் சொன்னா. அவளுக்கு எங்க கம்பெனில கேட்டுப் பாக்கறேன்.

அவங்க நம்பணும்னு நான் எழுதலியே. நீ சொல்லணும்னுதான் எழுதினேன்.

எனக்கு இன்னிக்கு ரெண்டாவது ஷிப்ட். நான் வர நேரமாவும். மாமா வீட்டுலதான் இருக்காரு. கதவு திறந்துதான் இருக்கும். பொழுதோட கிளம்பி வா. சாப்பிட்டுட்டுப் படு.

அக்கா